ஆறாவது காலும் பாப்பாத்தியின் கையும்

போன மாதம் எங்கள் பழைய யூனிட்டின் செல்போன் குழுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட்டிருந்தார்கள். சுவரில் வரிசையாகக் கிட்டார் மாட்டிய ஓர் அறை. அதில் ஒரு தம்பி உட்கார்ந்துகொண்டு, கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்க நாங்கள் செய்த நீலநிற டிலே பெடலைப் பிரித்துக் காட்டுகிறான். "இந்த விலைக்கு இதுக்குமேல எதிர்பார்க்க முடியாது நண்பர்களே" என்றுதான் ஆரம்பமே. போர்டில் ஐ.சி. சில்லுக்குப் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கண்டென்சரும் இருக்கும். அவற்றைப் பேனா முனையால் தட்டி, "இது ரெண்டும் எதுக்குன்னே தெரியல. சும்மா வெச்சிருக்காங்க. வெட்டி எறிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போனைப் பார்த்தே நாலு வார்த்தை திட்டினேன். உள்ளேயிருந்து வந்த என் சம்சாரம், "அந்தப் பையனுக்குக் கேக்கவா போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழுவில் இருக்கிற, இப்போது யூனிட்டில் வேலை பார்க்கிற பெண்களும் விடவில்லை. "ஏனுங்கண்ணா, நாங்களும் தினம் அது ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கறோம். எதுக்குன்னு நீங்கதான் சொல்லோணும்" என்று கேட்டார்கள். இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த இரண்டு பாகத்துக்குப் பின்னால் இரண்டு மனுஷிகள் இருக்கிறார்கள்.

எனக்கு ஊர் புளியஞ்சோலை. கொல்லிமலை இறங்கித் தண்ணீர் தரையைத் தொடுகிற இடம். படிப்பு ஐ.டி.ஐ. ரேடியோ பிரிவு. கொஞ்ச வருஷம் துறையூரில் மைக் செட் கடை, பிறகு நாமக்கல்லில் ஆம்பிளிஃபயர் செய்கிற பட்டறை. அந்தக் காலத்தில் பாட்டுக் கச்சேரியில் பாடகர் குரல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் டேப் எக்கோ என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே டேப் ஒரு வளையமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் பாட்டு பதியும், சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில் அது திரும்பப் படிக்கப்படும். அந்த இடைவெளிதான் எதிரொலி. டேப் தேய்ந்து நீண்டுவிட்டால் பாடகருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். அவர் என்னை முறைப்பார், நான் டேப்பை முறைப்பேன்.

பிறகுதான் பதினாறு கால் கொண்ட அந்தச் சின்ன ஐ.சி. வந்தது. முதுகில் 2399 என்று எண் போட்டிருக்கும். வீட்டில் மைக் பிடித்துப் பாடி ஆசை தீர்த்துக்கொள்கிறவர்களுக்காகச் செய்தது அது. கிட்டார்காரர்களை யாரும் மனதில் வைத்துச் செய்யவில்லை. ஆனால் உலகம் முழுக்க, மலிவு விலை டிலே பெடல் எதைப் பிரித்தாலும் பெரும்பாலும் அதுதான் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதை முதன்முதலில் ஒரு போர்டில் வைத்து ஓடவிட்ட அன்று, டேப் எக்கோவோடு மல்லுக்கட்டிய வருஷங்களையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஒரு புளியங்கொட்டை அளவுதான். பெட்டி நிறைய ஓடிக்கொண்டிருந்த மோட்டாரும் டேப்பும் செய்த வேலையை அது சத்தமில்லாமல் செய்தது.

நாமக்கல் பட்டறை முதலாளி கிட்டார் பெடல் செய்யலாம் என்று முடிவு செய்தபோது, வடிவமைக்க ஓர் இன்ஜினியரை வேலைக்கு வைத்தார். பெயர் கலைவாணி. சேலத்துப் பெண். என் தங்கை மகள் வயது. வந்த முதல் நாளே, "இங்க உக்காந்து பெடல் செய்ய முடியாதுங்க சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். பட்டறை இருந்தது லாரி பாடி கட்டுகிற தெருவில். ஒரு பக்கம் சம்மட்டி, இன்னொரு பக்கம் ஹாரன். "மலிவுப் பெடலுக்கு முதல் எதிரி இரைச்சல்தான். அந்த இரைச்சலைக் கேக்கறதுக்கு அமைதி வேணும். இங்க எனக்கு என் குரலே கேக்கல." முதலாளிக்குக் கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் மிளகு காயவைக்கிற ஒரு கட்டடம் சும்மா கிடந்தது. அங்கே போகட்டுமே என்று விட்டார். சோதனை மேசைக்கு என்னையும் கூட அனுப்பினார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது எனக்கு மனசில்லை. சின்னப் பெண்ணிடம் போய் வேலை பார்க்க வேண்டுமா என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு எப்போது போனதென்று எனக்கே தெரியாது.

வேலைக்கு மலைக்காரப் பெண்களையே எடுத்தோம். தேவனூர் நாடு, அரியூர் நாடு என்கிற மலைப் பகுதிகளிலிருந்து வருவார்கள். அதில் ஒருத்தி பாப்பாத்தி. தேவனூர் நாட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். வந்த அன்று பெடலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலையில நின்னு ஒரு கூப்பாடு போட்டா சும்மாவே திரும்பி வருது. இதுக்கு ஒரு பொட்டியுங்களா?" என்று கேட்டாள். கலைவாணி மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க மலையைத் தூக்கிக்கிட்டுக் கச்சேரிக்குப் போக முடியாதேக்கா" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் அவர்கள் சினேகம்.

பாப்பாத்தியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.சி.யின் கால்களுக்கு ஈயம் வைப்பது அவள் பொறுப்பு. சூடு அதிகமானால் ஐ.சி. செத்துப்போகும். குறைந்தால் ஈயம் பிடித்த மாதிரி தெரியும், பிடித்திருக்காது. அதைத்தான் டிரை சால்டர் என்பது. நானே எத்தனை வைத்திருக்கிறேன், இத்தனை வருஷ அனுபவத்தில். அவள் வைத்தால் ஒவ்வொரு காலிலும் ஈயம் ஒரே மாதிரி சரிந்து, மினுக்கென்று நிற்கும். வேலை முடித்து எழுந்திருக்கும்போது ஈயம் உருக்கும் அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, புது ஈயம் பூசித்தான் தாங்கியில் வைப்பாள். முனை கருக்காமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும். எல்லாருக்கும் தெரியும். தினமும் செய்தவள் அவள் ஒருத்திதான்.

இனி பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எளிதுதான். கிட்டாரிலிருந்து வருகிற ஒலி மிகவும் பலவீனமானது. வாசலிலேயே ஓர் ஆம்பிளிஃபயர் ஐ.சி. அதற்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும். பிறகு வழி இரண்டாகப் பிரியும். ஒன்று நேராக வெளியே போய்விடும். இன்னொன்று 2399-க்குள் போகும். அது ஒலியைத் துண்டு துண்டாக்கித் தன் நினைவில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பித் தரும். எவ்வளவு நேரம் கழித்து என்பதைத் தீர்மானிப்பது அதன் ஆறாவது கால். அந்தக் காலுக்கும் தரைக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் எதிரொலி உடனே வரும். கூடினால் தாமதமாக வரும், கூடவே கொஞ்சம் கரகரப்பும் வரும். பெட்டியின் மேல் 'நேரம்' என்கிற குமிழைத் திருகும்போது நீங்கள் திருகுவது அந்த ஆறாவது காலைத்தான். இரண்டாவது குமிழ், வந்த எதிரொலியை மறுபடி உள்ளே விட்டு எத்தனை தரம் திரும்ப வேண்டும் என்று சொல்வது. மூன்றாவது அளவு. அவ்வளவுதான் பெட்டி. கரகரப்பை வடிகட்ட மேடம் எந்தக் கண்டென்சரை எங்கே வைப்பதென்று மழைக்காலம் முழுக்க மாற்றி மாற்றிக் கேட்டார். எதிரொலி கொஞ்சம் மங்கலாக, இருட்டாக விழும். விலையுயர்ந்த பெட்டிகளில் பளிச்சென்று விழும். மங்கலாக விழுவதுதான் அழகு என்று கிட்டார்காரர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சோதனைக்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் லென்ஸில் போர்டைப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று குமிழையும் நடுவில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கரண்ட். உடனே கிட்டாரைத் தொடக் கூடாது. மீட்டரில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, ஐ.சி.க்கு அஞ்சு வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கிட்டாரின் ஒரே ஒரு தந்தியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு. எதிரொலி தேய்ந்து அடங்கும்வரை யாரும் பேசக் கூடாது. அதற்குப் பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் போர்டை மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும், எங்காவது சால்டர் விட்டிருந்தால் கரகரவென்று காட்டிக்கொடுக்கும். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு தந்தியை என்னைப் போலத் தட்ட ஆள் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

மேடம் வந்து உட்கார்ந்தால் முதலில் காதுத் தோட்டைக் கழற்றி மேசை மேல் வைப்பார். பிறகுதான் ஹெட்ஃபோனை மாட்டுவார். தோடு உரசுகிற சத்தம்கூடக் குறுக்கே வரக் கூடாது. சந்தேகம் வந்தால் "தப்பு" என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். "இன்னொரு தடவை கேக்கலாமா?" என்பார். யார் கையிலிருந்தும் அயர்னைப் பிடுங்கி வாங்கி அவர் செய்து காட்டியதே இல்லை. பக்கத்தில் இன்னொரு அயர்னை எடுத்து வைத்துக்கொண்டு, தானும் ஒன்று செய்வார். பார்க்கிறவள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எத்தனையோ மேஸ்திரிகளிடம் திட்டு வாங்கியே தொழில் படித்தவன் நான். இப்படியும் ஒருத்தர் வேலை வாங்கலாம் என்பதை மலையேறித்தான் பார்த்தேன்.

ஆரம்பத்தில் ஒரு வாடிக்கையாளர் போனில் கத்தினார். பெட்டியைப் பிரித்து மாட்டியதும் எதிரொலி ஊளையிட்டு, பக்கத்தில் தூங்கிய குழந்தை அலறி எழுந்துவிட்டதாம். அனுப்பும்போது குமிழ்கள் முழுக்கத் திறந்திருந்திருக்கின்றன. மேடத்துக்கு அது மனசைக் குத்திவிட்டது. "இனிமே எல்லாக் குமிழையும் மூடித்தான் பெட்டியில வைக்கோணும். முதல் சத்தம் அவங்களா திறந்து கேக்கறதா இருக்கட்டும்" என்றார். பெண்கள் அதைப் பிடித்துக்கொண்ட மாதிரி வேறெந்த விதியையும் பிடித்துக்கொண்டதில்லை. "அடுப்பை அணைக்காம யாருங்க ஊட்டை உட்டுப் போவாங்க?" என்றாள் பாப்பாத்தி. கேஸ் அடுப்பை மூடுகிற மாதிரி ஒவ்வொரு குமிழையும் இடது கோடிவரை திருகி, மேலும் ஒரு அழுத்து அழுத்துவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே.

பெடல் நன்றாகவே போனது. கல்லூரிப் பையன்கள், கோயில் திருவிழாக் கச்சேரிக்காரர்கள் என்று வாங்கினார்கள். அப்புறம் ஒரு கோடையில் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாரும் ஒரே புகார்தான் சொன்னார்கள். எதிரொலி வருவதில்லை, நேர் ஒலி மட்டும் வருகிறது. நாங்கள் மேசையில் மாட்டிப் பார்த்தால் மணி மாதிரி வேலை செய்கிறது. சரியென்று திருப்பி அனுப்பினால், சிலது மறுபடி வந்தது. சில கடைக்காரர்கள், "முதல்ல வரல, அப்புறம் கழட்டி மாட்டினா தானா வந்துடுச்சு" என்றார்கள்.

தானாகப் போய்த் தானாக வருகிறதென்றால் எந்த மெக்கானிக்கும் சொல்வது ஒன்றுதான், டிரை சால்டர். முதலாளியும் அதையே சொன்னார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்தால் காது அடைத்துவிடும். ஒரு நாள் காரில் மேலே வந்து, எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஐ.சி.க்கு யாரும்மா ஈயம் வெக்கிறது?"

பாப்பாத்தி எழுந்து நின்றாள். "நானுங்க."

"காடு கொத்தற கையில இந்த வேலையைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். மேடம், இந்தம்மாவை மேசையை விட்டு எடுங்க. இன்னும் இப்படியே வந்துச்சுன்னா யூனிட்டையே கீழ கொண்டு போயிடுவேன்."

மேடம் முகம் சிவந்துவிட்டது. "சார், எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. சால்டர்தான்னு இன்னும் தெரியல" என்றார்.

"தெரியறவரைக்கும் அந்தம்மா வேண்டாம்" என்றார் முதலாளி.

பாப்பாத்தி அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தாள். புது ஈயம் பூசினாள். தாங்கியில் வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முதலாளியைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் கோபம் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் தேடியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். திரும்பி வந்த பெட்டிகளை எல்லாம் பிரித்தோம். பாப்பாத்தி வைத்த ஈயத்தை ஒவ்வொரு காலாக உருக்கி, உறிஞ்சி எடுத்து, நானே மறுபடி வைத்தேன். மலையின் ஈரக்காற்றாக இருக்குமோ என்று பெட்டிகளைப் பனியில் வைத்தோம். கீழே வெயில் அதிகமென்று ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். எல்லாம் எதிரொலித்துக்கொண்டே இருந்தன, எங்களைக் கேலி செய்கிற மாதிரி. மற்ற பெண்கள் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். மேடம் மட்டும் அதை நகர்த்த விடவில்லை. "யூனிட் மலையில இருக்கணும்னு கேட்டது நான்தான்ணா. அவங்க கையை நம்பினதும் நான்தான். கையில தப்பிருந்தா ஒத்துக்கறேன். ஆனா இல்லாத தப்பை அவங்க தலையில வெச்சுட்டு நான் எப்படி இங்க உக்காருவேன்?" என்றார். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்த பிறகும் அவர் காதில் அந்த ஒற்றைத் தந்தி கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

அப்போது அரியூர் நாட்டில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. ராசிபுரம் பக்கமிருந்து ஒரு மெல்லிசைக் குழு வந்திருந்தது. அதில் கிட்டார் வாசிக்கிற செல்வம் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய பெட்டியும் எதிரொலி வராமல் திரும்பி வந்ததுதான். பதிலுக்குப் புதுப் பெட்டி ஒன்றைக் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று மேடம் கிளம்பினார், நானும் போனேன். மத்தியானம், மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் மரத்தின் மேல் இருந்தார்கள். செல்வம் பெட்டியை வாங்கி, அட்டையைக் கிழித்து, அடாப்டரைச் செருகி, கிட்டாரை மாட்டி ஒரு மீட்டு மீட்டினார்.

எதிரொலி இல்லை. நேர் ஒலி மட்டும்.

அளவுக் குமிழைத் திறந்தார். நேரக் குமிழையும் திருகினார். அப்போதும் இல்லை. "பாத்தீங்களா மேடம்? உங்க கண்ணு முன்னாலயே. நான் பொய்யா சொன்னேன்?" என்றார்.

நான் பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்கண்ணா. நாம தொட்டாத்தான் சரியாயிடுதே. அவங்க என்ன செய்யறாங்கன்னு பாக்கலாம்." செல்வத்திடம் திரும்பி, "பெட்டியைப் பிரிச்சதிலிருந்து என்ன செஞ்சீங்களோ, அதையே மறுபடி செய்யறீங்களா? எல்லாக் குமிழையும் முதல்ல இருந்த மாதிரி மூடிடுங்க" என்றார்.

செல்வம் மூடினார், அடாப்டரைப் பிடுங்கிச் செருகினார், அளவையும் இரண்டாவது குமிழையும் திறந்து மீட்டினார். இல்லை. மேடம் அப்படியே மேடைப் பலகையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். நேரக் குமிழை மட்டும் நடுவில் வைத்தார். அடாப்டரைப் பிடுங்கினார், செருகினார். "இப்ப வாசிங்க."

எதிரொலி வந்தது. ஒன்று, அதன் பின்னால் மங்கலாக இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. மரத்தின் மேலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நேரக் குமிழை மறுபடி மூடி, பிடுங்கி, செருகினால் இல்லை. நடுவில் வைத்துச் செருகினால் வருகிறது. மேடம் மேடையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"சோதிக்கும்போது நடுவுல வெச்சு கரண்ட் குடுங்கன்னு சொன்னது யாருங்கண்ணா?"

"நீங்கதாங்க மேடம்."

"பெட்டியில போடும்போது மூடி வைங்கன்னு சொன்னது?"

"அதுவும் நீங்கதாங்க."

"ரெண்டுக்கும் நடுவுலதான் தப்பு விழுந்திருக்கு. நாம ஒரு தடவைகூட மூடி வெச்சு கரண்ட் குடுத்துப் பாக்கவே இல்லை."

விஷயம் இதுதான். கரண்ட் வந்த அந்த முதல் நொடியில் 2399 தூங்கி எழுகிறது. அந்த நேரத்தில் அதன் ஆறாவது காலில் ரெசிஸ்டன்ஸ் மிகவும் குறைவாக இருந்தால் அது திகைத்து அப்படியே நின்றுவிடும். பிறகு குமிழை எவ்வளவு திருகினாலும் எழாது. கரண்டை எடுத்து மறுபடி கொடுத்தால்தான் எழும். எங்கள் பெண்கள் அடுப்பை மூடுகிற மாதிரி கோடிவரை மூடியனுப்பிய குமிழ், சரியாக அந்தக் காலைத்தான் நெரித்துக்கொண்டிருந்தது. கோடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று மேடம் ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ் போட்டிருந்தார். பழைய லாட் ஐ.சி.க்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. கோடையில் வந்த லாட் பொறுக்கவில்லை.

முதலாளிக்கு மேடம் மேடையிலிருந்தே போன் போட்டார், ஸ்பீக்கரில். விவரம் சொன்னார். "சால்டர் இல்லை சார். டிசைன்ல தப்பு. என்னோட தப்பு" என்றார். பக்கத்தில் செல்வம் நிற்கிறார், நான் நிற்கிறேன், மைக் செட்காரர்கள் நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. பெரிய பெரிய ஆட்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். தப்பு என்று வந்தால் கரண்டைச் சொல்வார்கள், கடைக்காரனைச் சொல்வார்கள், கடைசியில் என்னைச் சொல்வார்கள். 'என்னோட' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

முதலாளி, "சரி, அப்ப பெட்டிக்குள்ள ஒரு சீட்டு வெச்சுடுங்க. நடுவுல வெச்சுட்டு ஆன் பண்ணுங்கன்னு. செலவில்லாம முடிஞ்சுது" என்றார்.

"அவங்க அதைப் படிக்க மாட்டாங்க சார். ஆசையா வாங்கறவங்க உடனே வாசிக்கத்தான் பாப்பாங்க. அவங்க எப்படித் திறந்தாலும் பெட்டி எழுந்திருக்கணும்."

ரெசிஸ்டன்ஸைக் கூட்டிவிடலாமே என்று நான் கேட்டேன். அப்படிச் செய்தால் மிகக் குறுகிய எதிரொலி போய்விடும், அதைத்தான் கிட்டார்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்றார் மேடம். யூனிட்டுக்குத் திரும்பியதும் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஆறாவது காலுக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு டிரான்சிஸ்டர், அதை மெல்லத் திறக்க ஒரு கண்டென்சர். கரண்ட் வந்த உடனே டிரான்சிஸ்டர் மூடியே இருக்கும், ஐ.சி. யாருடைய நெரிப்பும் இல்லாமல் எழும். கண்டென்சர் மெல்ல நிறைந்ததும் டிரான்சிஸ்டர் திறந்து, குமிழிடம் பொறுப்பைக் கொடுக்கும். நான் ஒரு போர்டில் வைத்து, எல்லாக் குமிழையும் கோடிவரை மூடி, கரண்ட் கொடுத்தேன். எழுந்தது. எத்தனை தரம் செய்தாலும் எழுந்தது. வீடியோத் தம்பி வெட்டி எறியச் சொன்னது இந்த இரண்டைத்தான். ஒரு தரம் வெட்டிவிட்டு, காலையும் குமிழையும் நேராக இணைத்து, குமிழை மூடி வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்க்கட்டும்.

முதலாளி மறுநாள் போனில், "அந்தம்மாவை வரச் சொல்லிவிடுங்க" என்றார். பஸ்ஸில் வருகிற பெண்களிடம் சொல்லியனுப்பலாம் என்றேன் நான். மேடம் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "சொல்லியனுப்பற விஷயம் இல்லைங்கண்ணா. வாங்க, போகலாம்."

தேவனூர் நாட்டுக்குப் பஸ்ஸில் போய், பிறகு மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே நடந்தோம். பாப்பாத்தி காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க மேடம், வாங்கண்ணா. காட்டுக்கே வந்துட்டீங்க, ஊட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள். கையில் மண். முகத்தில் கோபம் தெரிகிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"இல்லைக்கா, இங்கயே சொல்லிடறேன்" என்றார் மேடம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் வைத்தது, மூடி அனுப்பியது, ஐ.சி. திகைத்து நின்றது எல்லாம். கடைசியில், "உங்க கையில ஒரு தப்பும் இல்லைக்கா. தப்பு நான் போட்ட டிசைன்ல. நான் வெச்ச முறையில. அன்னைக்கு முதலாளி சொன்னப்ப நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்.

பாப்பாத்தி பிடுங்கிய கிழங்கிலிருந்து மண்ணை உதறினாள். "திரும்பி வந்த பொட்டியில நான் வெச்ச ஈயத்தையெல்லாம் உருக்கிட்டீங்களா?"

"உருக்கிட்டோம்க்கா."

"அண்ணன்தான் மறுபடி வெச்சாருங்களா?"

நான் தலையாட்டினேன். அவள் லேசாகச் சிரித்தாள். "அப்ப அதையெல்லாம் நான் வந்து ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கு வரவில்லை. அவர் இன்னும் ஏதோ கேட்க நினைத்து நின்றுகொண்டிருந்தார்.

"எம்மேல கோவமாக்கா?"

பாப்பாத்தி கிழங்கைக் கீழே வைத்தாள்.

"எங் கையில தப்பு இல்லீன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மேடம். வெச்சவளுக்குத் தெரியாதுங்களா? நீங்க உடாம தேடுவீங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு. அதுதான் ராத்திரி தூக்கம் வரல."

மேடம் சட்டென்று குனிந்து, வரிசையில் அடுத்த செடியின் தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். செடி அசையவே இல்லை. மறுபடி இழுத்தார். பாப்பாத்தி பக்கத்தில் வந்து, "அடியில புடிங்க சாமி" என்று சொல்லி, தானும் கூடப் பிடித்தாள்.